தானாக நிற்கும் வரை

குருநகர்,
14.4.1985

அன்புள்ள மச்சாளுக்கு,

அடைக்கலநாதன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். நீங்களும் பிள்ளை இராசாத்தியும் பேசாலையில் சுகமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

அண்ணை கடலுக்குப் போய் இரண்டு மாதம் முடிந்துவிட்டது. நேவிக்காரரின் சூடு விழுந்துதான் போனார் என்று ஊர் முழுக்கக் கதை. மீன்பிடிச் சங்கக் கட்டடத்தில் அவருடைய படத்தை வைத்து மாலையும் போட்டுவிட்டார்கள். தனியாக மிதந்த வள்ளத்தைக் கட்டி இழுத்து வந்த கிறிஸ்துநாயகம் மாமாவும் அதையேதான் சொல்லித் திரிகிறார். "சுட்டுப்போட்டாங்களடா, வேறை என்ன?" என்கிறார். நான் வள்ளத்தை அணியத்திலிருந்து பின்பலகை வரை கையால் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. சுட்டால் ஓட்டை இருக்க வேண்டும். ஓட்டை இல்லாத சூட்டை நான் நம்பமாட்டேன்.

ஆகவே இஞ்சின் பழுது. ஓடிக்கொண்டிருந்தது நின்றிருக்கும், அண்ணை எழும்பிக் குனிந்திருப்பார், அலை தூக்கிப் போட்டிருக்கும். இஞ்சினைக் கராச்சுக்குக் கொண்டுவந்து மேசையில் ஏற்றிவிட்டேன். ஒரு கிழமைக்குள் பழுது எது என்று சொல்லுவேன். அதற்காகத்தானே அண்ணை என்னை இஞ்சின் வேலை படிப்பித்தார்.

இன்னொன்று. முப்பத்தோராம் நாள் பூசை கூட வைக்கவில்லை என்று அம்மா நெடுக அழுகிறா. நீங்கள் வேண்டாமென்று சொல்லிவிட்டுத் தகப்பன் வீட்டுக்குப் போனபடியால் பங்குச் சுவாமியும் பேசாமல் இருக்கிறார். உடம்பு வராது, மச்சாள். நீரோட்டத்தையும் காற்றையும் பார்த்துத்தான் சொல்கிறேன். ஓம், சம்மதம் என்று ஒரு வரி எழுதுங்கள், முடித்துவிடலாம். முடிக்காமல் கிடக்கிற வேலை எனக்குப் பிடிக்காது.

பிள்ளைக்கு இருமல் என்று கேள்விப்பட்டேன். கொத்தமல்லி அவித்துக் கொடுத்துக்கொண்டிராமல் டொக்டரிடம் காட்டுங்கள்.

அடைக்கலநாதன்

*

யேசு, மரி, சூசை

பேசாலை,
3.5.1985

தம்பி அடைக்கலத்துக்கு,

பெர்னடெட் எழுதுகிறேன். உம்மையும் மாமியையும் மாதா தன் சால்வைக்குள் வைத்துக் காக்க வேண்டும். எனக்குச் சுகம் என்று எழுதினால் பொய். நோய் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். பிள்ளைக்கு இருமல் நின்றுவிட்டது. கொத்தமல்லிதான் கொடுத்தேன், உமக்குக் கோபம் வரும்.

கடிதத்தின் தலையில் யேசு, மரி, சூசை என்று போடவும் உமக்கு நேரமில்லை. உம்முடைய அண்ணை இதைக் கண்டால் சிரிப்பார். "அவன் சர்வேசுரனுக்கும் ஸ்பானர் வைச்சுப் பாக்கிறவன்" என்று என்னிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பார்.

பூசைக்கு நான் இப்போது ஓம் சொல்லமாட்டேன். ஏன் என்று கேளாதேயும். உடம்பு வரட்டும், பிறகு பார்ப்போம் என்று மாமிக்குச் சொல்லும். மாமி என்னைக் கல்நெஞ்சுக்காரி என்றால் நீர் மறுத்துப் பேச வேண்டாம்.

இஞ்சினை விற்றுவிடும், தம்பி. பழுது தெரிந்தால் அவர் வரப்போகிறாரா?

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அன்றைக்கு விடிய நான் புட்டும் மீன்பொரியலும் பெட்டியில் வைத்துக் கட்டிக் கொடுத்தேன். அதைச் சாப்பிட்டிருந்தாரா? வள்ளத்தில் பெட்டி இருந்ததா? பார்த்து எழுதும். வயிற்றுப் பசியோடு போனாரோ என்பது எனக்குச் சோறு இறங்கவிடாமல் நிற்கிறது.

மாமிக்கு என் முத்தங்கள்.

பெர்னடெட்

*

குருநகர்,
22.5.1985

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் கடிதம் மன்னார்ப் பாதை பூட்டியிருந்ததால் சுணங்கி வந்தது. எல்லோரும் சுகம்.

பெட்டி வள்ளத்தில் இருந்தது. வெறும் பெட்டி. கழுவியும் இருந்தது. ஆகவே சாப்பிட்டிருக்கிறார். நீங்கள் இனிச் சாப்பிடலாம்.

இஞ்சின் விஷயம் முடியவில்லை. பிளக் சரி. சுருள் சரி. பிஸ்டனும் வளையங்களும் புதிது போல இருக்கின்றன. காபரேற்றரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பழுதே இல்லாத இஞ்சின் உலகத்தில் கிடையாது. என் கையில் வந்தபோது இருந்தது, நான் பார்க்கும்போது தப்பி நிற்கிறது. எல்லாவற்றையும் திரும்பவும் முதலிலிருந்து கழற்றுகிறேன்.

மாமா நேற்று வந்து, "டேய், நீ கழற்றின கழற்றுக்குப் புது இஞ்சின் ரெண்டு பூட்டியிருக்கலாம்" என்றார். வெளியே போகச் சொன்னேன். "என்னையே போகச் சொல்லுறாய்? உன்னைத் தொட்டிலிலை ஆட்டினவன் நான்" என்று நின்றார். ஸ்பானரால் எறிந்தேன். படவில்லை.

அம்மா பின்னேரங்களில் கராச் வாசலில் கதிரை போட்டிருந்து செபமாலை சொல்கிறா. "ஒண்டையே திருப்பித் திருப்பிச் சொன்னால் கேக்கிற மாதாவுக்கு அலுக்காதோ?" என்று கேட்டேன். "நீ ஒரே ஆணியைத்தானே திருப்பித் திருப்பிக் கழற்றுறாய். அது உனக்கு அலுக்கேல்லையோ?" என்று கேட்கிறா. இந்த வீட்டில் ஒருவரோடும் கதைக்க முடியாது.

நித்திரை குறைவு. அது நல்லது, வேலைக்கு நேரம் கிடைக்கிறது.

பூசைக்கு ஓம் எழுதுங்கள்.

அடைக்கலநாதன்

*

குருநகர்,
11.6.1985

மச்சாள்,

சுகம் விசாரிக்க நேரமில்லை. இஞ்சினை நேற்றுப் பூட்டினேன். தண்ணீர்ப் பீப்பாவில் வைத்துக் கயிற்றை இழுத்தேன். முதல் இழுவையிலேயே ஓடுகிறது. அழகாக ஓடுகிறது. அதனால் திரும்பவும் கழற்றிவிட்டேன்.

காபரேற்றர்க் கிண்ணத்தில் ஒரு துளி பெற்றோல் கிடந்திருக்க வேண்டும். ஒரு துளி போதும். நான்தான் சரியாகப் பார்க்கவில்லை. வெயிலில் காய்ந்திருக்கலாம். மாமா இழுத்து வரும்போது கவிழ்ந்திருக்கலாம். மாமாவைக் கேட்டால் தெரியாது என்கிறார். ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. எனக்கு மட்டும் தெரிந்தால் போதுமா?

அம்மா சோறு வைக்கிறா. வைக்கட்டும்.

அ.

*

யேசு, மரி, சூசை

பேசாலை,
28.6.1985

என் தம்பி அடைக்கலத்துக்கு,

சண்டை நிற்கிறது, பேச்சு வார்த்தை நடக்கப் போகிறது, பஸ் ஓடுகிறது என்கிறார்கள். இந்தக் கடிதமாவது உம் கைக்கு நேரத்தோடு வரவேண்டும். நாங்கள் இருக்கிறோம். பிள்ளை இப்போது "சித்தப்பா" என்று முழுதாகச் சொல்கிறாள்.

உம்முடைய எழுத்தை விளக்கடியில் வைத்துத் திரும்பவும் பார்த்தேன். கோடு போட்டது போல எழுதுகிற ஆள் நீர். இந்த முறை வரிகள் எல்லாம் கீழே சரிந்து போகின்றன.

தம்பி, நித்திரை கொள்கிறீரா? சாப்பிடுகிறீரா? கராச்சை விட்டுக் கடைசியாக எப்போது வெளியே வந்தீர்? கோபப்படாமல் பதில் எழுதும். நான் ஏன் கேட்கிறேன் என்றால், உம்முடைய அண்ணையும், அரசாங்கம் கடலுக்குத் தடை போட்ட பிறகு, இப்படித்தான் இருந்தார். வீட்டுக்குள் இருந்து வலை பொத்தினார். பொத்தின இடத்தை அவிழ்த்துத் திரும்பப் பொத்தினார். கிழியாத இடத்தையும் பொத்தினார். நாங்கள் அதை வேலை என்று நினைத்தோம். நீரும் அப்படித்தான் நினைத்தீர், மாமியும் நினைத்தா, நானும் நினைத்தேன்.

ஆசுப்பத்திரிக்குப் போம். மாமாவைக் கூட்டிக்கொண்டு போம். மூளை பிசகி விசர் பிடித்துவிட்டது என்று சனம் சொல்லும். சொல்லட்டும். நான் அந்த ஒரு சொல்லுக்குப் பயந்துதான்...

மீதியை நேரில் கதைப்போம். இதற்கு மட்டும் உடனே பதில் போடும். இரண்டு வரி போதும்.

பெர்னடெட்

*

குருநகர்,
19.7.1985

அன்பு மகள் பெர்னடெட்டுக்கு கிறிஸ்துநாயகம் மாமா எழுதிக்கொள்வது.

அந்தோனியார் துணையால் உன் தகப்பன் தாய் பிள்ளை எல்லோரும் நலமாயிருக்க வேண்டும். எனக்கு எழுத்து வராது என்று உனக்குத் தெரியும். ஆனாலும் வேறை ஆளைக் கொண்டு எழுதுவிக்கிற விஷயம் இல்லை, ஆனபடியால் நானே எழுதுகிறேன்.

தம்பி அடைக்கலத்தைத் தெல்லிப்பழை ஆசுப்பத்திரி மனநோய் வாட்டில் விட்டிருக்கிறோம். பயப்படாதே. உயிருக்கு ஒன்றுமில்லை.

பிள்ளை, நடந்தது இதுதான். போன கிழமை பின்னேரம் கரையில் நின்றேன். இவன் ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு வாறான். உள்ளுக்கு இஞ்சின் முழுவதும் துண்டு துண்டாய். முழங்கால் தண்ணியில் இருந்துகொண்டு ஒவ்வொன்றாய் எடுத்துக் கடல் தண்ணியில் கழுவுறான். கடல் தண்ணியில், பிள்ளை! இஞ்சினில் ஒரு சொட்டு உப்புப் பட்டால் எங்களைத் தின்னுகிறவன். "உப்புப் பட்டால் செத்துப்போம், நல்ல தண்ணி ஊத்துங்கோ" என்று கரை முழுக்க நாய் மாதிரிக் குலைக்கிறவன். அதைக் கண்ட உடனே எனக்கு விளங்கிவிட்டது. மற்றவர்கள் நின்று பகிடி விட்டார்கள். நான் தண்ணிக்குள் இறங்கினேன்.

"என்னடா செய்யிறாய்?" என்று கேட்டேன். "பழுதாக்கிறன் மாமா. பழுது இருந்தால் சரிதானே" என்றான். பிறகு ஒரு துண்டு கை நழுவி உள்ளே போக, இவனும் அதோடு போகிறான். கழுத்தளவு தண்ணிக்குப் போய்விட்டான். நான் பாய்ந்து தலைமயிரில் பிடித்து இழுத்தேன். கரையில் போட்டால் எழும்புகிறான் இல்லை, கண்ணை முழித்துக்கொண்டு கிடக்கிறான்.

சங்கத்து லொறியில் ஏற்றிக்கொண்டு போனோம். டொக்டர் நல்ல மனிசன். ஏசவில்லை. நாளாகும் என்கிறார். உன் மாமி லூர்த்தம்மா அக்கா வாட்டுக்குள் வரப் பயந்து வெளியில் வேம்பின்கீழ் இருந்து செபமாலை சொல்கிறா. மாலையை என்னிடம் தந்து உள்ளே அனுப்பினா.

நீ அவனுக்கு ஏதாவது எழுது. உன் பேரைச் சொன்னால் மட்டும் முகத்தைத் திருப்புகிறான்.

கிறிஸ்துநாயகம்

*

யேசு, மரி, சூசை

பேசாலை,
5.8.1985

என் தம்பிக்கு,

இதை மாமாவுக்குப் போடும் உறையில் வைத்து அனுப்புகிறேன். உம் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். எங்களுக்கு ஒன்றுமில்லை. நீர் இருக்கிற இடத்தில் சாப்பாடு எப்படி, படுக்கை எப்படி என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

இதை எழுதினால் நீர் இன்னும் உடைந்து போவீரோ என்று மூன்று தரம் கிழித்துவிட்டேன். எழுதாமல் விட்டதுதான் உம்மை அங்கே கொண்டுபோய்ப் படுக்க வைத்தது என்று இப்போது நினைக்கிறேன். ஆகவே எழுதுகிறேன்.

அன்றைக்கு அவர் போன பிறகு படுக்கை தட்டினேன். தலையணைக்கு அடியில் அவருடைய உத்தரியம், கழுத்தில் கிடக்கிற அந்த மாதா துணிப்படம், இருந்தது. நூலைச் சுற்றி, ஒழுங்காக மடித்து வைத்திருந்தார். சின்ன வயதில் முதல் நன்மை வாங்கிய நாளிலிருந்து கழுத்தை விட்டு இறக்காதவர். குளிக்கும்போதும் இறக்கமாட்டார். அதோடு சாகிறவனை மாதா நெருப்புக்கு விடமாட்டா என்று உங்கள் கரையில் ஒவ்வொருவனும் அதைப் போட்டுக்கொண்டுதானே கடலில் இறங்குகிறான். அதைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தான் செய்யப்போகிற காரியத்துக்கு அதைப் போட்டுக்கொண்டு போவது மாதாவை ஏமாற்றுகிற வேலை என்று நினைத்திருப்பார். அவ்வளவு நேர்மை, பாரும்.

ஒருவரும் சுடவில்லை, தம்பி. அலையும் எடுக்கவில்லை. இஞ்சினும் நிற்கவில்லை. அவர் தானாகப் போனார்.

அதனால்தான் பூசைக்கு ஓம் சொல்லவில்லை. பொய்யைச் சொல்லிப் பூசை கேட்க எனக்கு வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னால், தானாகப் போனவனுக்குச் சேமக்காலைக் கல்லறைகளுக்குள் ஒரு மெழுகுதிரி கொளுத்தவும் விடமாட்டார்கள் என்று பயம். மாமிக்கு இது தெரிந்தால் உயிரோடு இருக்கமாட்டா. பெட்டி கழுவியிருந்தது என்று நீர் எழுதினீர். கலியாணம் கட்டி இத்தனை வருஷத்தில் அவர் ஒரு நாளும் பெட்டி கழுவியதில்லை.

நீர் தேடுகிற பழுது அந்த இஞ்சினில் இல்லை. தேடாதேயும். என்னை ஏசும், கோபப்படும், ஆனால் சோற்றைத் தின்னும்.

உம்முடைய மச்சாள்

*

தெல்லிப்பழை,
10.9.1985

அன்புள்ள மச்சாளுக்கு,

குளிசையால் கை நடுங்குகிறது. எழுத்து இப்படித்தான் இருக்கும். சாப்பாடு உப்பில்லை, படுக்கை பரவாயில்லை. இப்போது நித்திரை வருகிறது.

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். எத்தனை நாள் என்று தெரியாது. இப்போதுதான் பதில்.

எனக்கு முன்பே தெரியும். மாமா வள்ளத்தை இழுத்து வந்த அன்றே தெரியும்.

இஞ்சினை நிறுத்தி வைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. பெற்றோல் குழாயைக் கழற்ற வேண்டும். காபரேற்றரில் மிச்சம் கிடப்பதை எரியவிட்டு, இஞ்சின் தானாக நிற்கும் வரை பொறுத்திருக்க வேண்டும். பிறகுதான் இஞ்சினைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பூட்டலாம். அப்படிச் செய்யாவிட்டால் உள்ளே கசடு பிடிக்கும். அண்ணைக்கு இதை நான் சொல்லாத நாள் இல்லை. "போடா, உன்ரை படிப்பும் நீயும்" என்று பொத்தானை அமத்தி நிறுத்திவிட்டு இறங்கிப் போய்விடுவார். அவருக்குப் பொறுமை இருந்தது, இஞ்சினுக்கு மட்டும் இல்லை.

அன்று குழாய் கழற்றிச் சுருட்டி வைத்திருந்தது. தாங்கியின் மூடி இறுக்கியிருந்தது. இஞ்சின் தூக்கிப் பூட்டிச் சாக்கால் மூடியிருந்தது. மாமா கண்டது ஒரு வள்ளம். நான் கண்டது அதை. கராச்சில் காபரேற்றரைத் திறந்தேன். காய்ந்து கிடந்தது. நடுக்கடலில் இருந்து, அது தானாக நிற்கும் வரை பொறுத்திருக்கிறார். நான் திறந்து பார்ப்பேன் என்று தெரிந்து, நான் சொன்னபடியே ஒருமுறை செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

உள்ளே ஒரு துளி கிடந்திருந்தால் இதெல்லாம் பொய் என்று சொல்லியிருப்பேன். அந்தத் துளியைத்தான் தேடினேன். உங்களுக்குத் தெரியக் கூடாது என்று பழுது பழுது என்று எழுதினேன். நீங்கள் எனக்குத் தெரியக் கூடாது என்று பூசை வேண்டாம் என்று எழுதினீர்கள். ஒரே பாரத்தை இரண்டு பேரும் தனித்தனியே சுமந்துகொண்டு நின்றிருக்கிறோம்.

இங்கே பக்கத்துக் கட்டிலில் மார்க்கண்டு என்று ஒருவர். உடுப்பிட்டி, புகையிலைத் தோட்டக்காரர், நெற்றி நிறையத் திருநீறு. மாமா வராத நாட்களில், பார்வையாளர் நேரத்தில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருப்பார். ஒன்றும் கதைக்கமாட்டார். மணி அடித்தால் எழும்பித் தன் கட்டிலுக்குப் போவார். எனக்கு எரிச்சல். ஒரு நாள் கேட்டேன்.

"ஏன் ஐயா இதிலை வந்து இருக்கிறியள்? என்ன வேணும்?"

"ஒண்டும் வேண்டாம். உனக்கு ஆக்கள் உள்ளுக்கு வரேல்லை எல்லே. அதுதான்."

"உங்களுக்கும்தானே ஒருத்தரும் வரேல்லை?"

"ஓம். எனக்கும் இருக்க ஓர் இடம் வேணுமெல்லோ."

அன்றைக்குத்தான் அழுதேன். அண்ணை போன பிறகு முதல் தரம். அவர் என் முதுகில் கை வைக்கவும் இல்லை, அழாதே என்று சொல்லவும் இல்லை. இருந்தார்.

அம்மா அனுப்பின செபமாலை தலைமாட்டில் கிடந்தது. ஏதோ கழற்றக் கை தேடியபோது அது அகப்பட்டது. அதில் கழற்ற ஒன்றுமில்லை. மணியை உருட்டினேன். சுற்றிக்கொண்டு தொடங்கின இடத்துக்கே வருகிறது. செபம் என்றால் முறைப்பாடு என்றுதான் நான் இதுவரை நினைத்தேன், இது பழுது, வந்து திருத்து என்கிற மாதிரி. திருத்த ஒருவரும் வரவில்லை. ஆனால் நான் மணி உருட்டுகிற நேரத்தில், மார்க்கண்டர் இருக்கிற மாதிரி, யாரோ பக்கத்தில் இருக்கிறார். இதற்கு மேல் எனக்கு விளங்கவில்லை. விளங்காததை எழுதுவது எனக்கு இதுதான் முதல் தரம்.

பிள்ளைக்கு என் அன்பு.

அடைக்கலநாதன்

*

யேசு, மரி, சூசை

பேசாலை,
30.9.1985

என் தம்பிக்கு,

உம்முடைய கடிதத்தைக் கோயிலுக்குள் வைத்து வாசித்தேன். வீட்டில் அழ இடமில்லை. நீர் வீட்டுக்கு வந்துவிட்டீர் என்று மாமா சொல்லி அனுப்பினார். குளிசையை நிறுத்த வேண்டாம். சுகம் வந்தது போலத் தெரிந்தாலும் நிறுத்த வேண்டாம். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

இது ஒன்றுதான் என்னிடம் மிச்சம். கடைசி இரண்டு நாளும் அவர் நல்லாக இருந்தார், தம்பி. மாதக் கணக்கில் வலையும் கையுமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதன் எழும்பி முகம் வழித்தார். பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கடற்கரை வரை போனார். இறால் குழம்பு வை என்றார். என்னைப் பார்த்து, "நீ நல்லா மெலிஞ்சுபோனாய் பெர்னா" என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? கோயிலுக்கு ஓடிப்போய் என் நேர்த்தி பலித்துவிட்டது என்று மெழுகுதிரி கொளுத்தினேன். அவர் போகத் தயாராகிக்கொண்டிருந்தார், நான் மாதாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு என்னால் ஒரு அருள்நிறை மந்திரத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை. நன்றி என்ற சொல் தொண்டையில் நிற்கிறது.

செத்தவர்களை நினைக்கிற ஆத்துமாக்கள் திருநாள் வருகிறது. அவருக்குப் பூசை வேண்டும். ஓம், நான்தான் கேட்கிறேன். ஆனால் உண்மையைச் சொல்லிக் கேளும். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, பொய்யில் வேண்டாம். மாமிக்கு நீரே பக்கத்தில் இருந்து சொல்லும். நான் சொன்னால் அது என் குற்றம் போல இருக்கும்.

உத்தரியத்தை இதோடு அனுப்புகிறேன். என்னால் அதை வைத்திருக்கவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை.

பெர்னடெட்

*

யேசு, மரி, சூசை

குருநகர்,
6.11.1985

அன்புள்ள மச்சாளுக்கு,

சர்வேசுரன் உங்களோடும் பிள்ளையோடும் இருக்க வேண்டும். தலையில் போட்டிருப்பதைப் பார்த்துச் சிரியுங்கள். நான் முழுச் சுகம் இல்லை. போன கிழமை இரண்டு நாள் பாயை விட்டு எழும்பவில்லை. குளிசை தொடருகிறது. கராச்சுக்கு அரை நாள் போகிறேன்.

அம்மாவுக்குச் சொன்னேன். கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்துதான் சொன்னேன். நீங்கள் பயந்தது நடக்கவில்லை. செபமாலையை மடியில் வைத்துவிட்டு, "என்ரை பிள்ளை தனிய எவ்வளவு நேரம் யோசிச்சிருப்பான்" என்றா. அவ்வளவுதான். அதற்குப் பிறகு உங்களைக் கல்நெஞ்சுக்காரி என்று ஒருநாளும் சொல்லவில்லை. உங்களையும் பிள்ளையையும் மார்கழி நத்தார்த் திருநாளுக்கு வரச் சொல்கிறா.

பங்குச் சுவாமியிடம் போனேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. "சுவாமி, அண்ணை தானாப் போனவர். ஊர் சொல்லுறது பொய். பூசை வைப்பியளோ, இல்லையோ?" என்று கேட்டேன். அவர் பேனையை மேசையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். உத்தரியத்தை எடுத்துக் காட்டினேன். ஏன் கழற்றினார் என்று நீங்கள் எழுதியதையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவன் கழற்றினது அவன்ரை பயமடா. மாதா கழற்றேல்லை" என்றார். பிறகு, "பேரை முழுசாச் சொல்லு" என்று பேனையை எடுத்தார்.

ஆத்துமாக்கள் திருநாள் பூசையில் யாகோப்பு என்று அண்ணையின் பேரை வாசித்தார். மற்றப் பெயர்களை வாசித்த அதே குரலில்தான் வாசித்தார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தா. சேமக்காலையில் எல்லோரும் மெழுகுதிரியோடு தங்கள் தங்கள் குழியைத் தேடிப் போனார்கள். எங்களுக்குப் போக இடமில்லை. மாமாதான், "வாடா, எங்கடை இடத்துக்குப் போவம்" என்றார்.

இஞ்சினைப் பூட்டியிருந்தேன். உப்புத் தின்ற துண்டுகளை மாற்றிவிட்டேன், ஒன்றை மாமா எங்கேயோ இரந்து வாங்கி வந்தார். கடலில் நேவி போக விடுகிற எல்லை வரை போனோம். கரை தெரிகிற தூரம்தான். உத்தரியத்தைத் தண்ணீரில் விட்டேன். எறியவில்லை, கையை உள்ளே வைத்து விட்டேன். கொஞ்ச நேரம் மிதந்துவிட்டுத் தாழ்ந்தது. மாமா ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னார், மூக்கைச் சிந்தினார்.

"சரி, திருப்படா" என்றார்.

நான் திருப்பவில்லை. பெற்றோல் குழாயைக் கழற்றினேன்.

"என்னடா செய்யிறாய், நடுக்கடலிலை?"

"பொறுங்கோ மாமா."

"ஆர், நீயோ என்னைப் பொறுக்கச் சொல்லுறாய்?"

இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மச்சாள், இதை நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டும். குழாயைக் கழற்றினால் இஞ்சின் உடனே நிற்காது. உள்ளே கிடக்கிற பெற்றோல் குறையக் குறையக் காற்றுக் கூடும். நிற்பதற்குக் கொஞ்சம் முன் திடீரென்று வேகம் எடுக்கும். சத்தம் தெளிவாக, நல்லாக, புது இஞ்சின் போல வரும். தொழில் தெரிந்தவனே ஏமாறுவான். மாமாவும், "பாரடா, குழாய் இல்லாமலே எப்பிடி ஓடுது!" என்று சந்தோஷப்பட்டார். அந்த இரண்டு நாளும் நீங்கள் கேட்டது அந்தச் சத்தம்தான். நான் அங்கே இருந்திருந்தால் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். நீங்கள் மெழுகுதிரி கொளுத்தியதில் பிழை இல்லை. நன்றி என்ற சொல்லை இனி விழுங்க வேண்டாம்.

பிறகு அது நின்றது. தானாக நின்றது. நான் பொத்தானில் கை வைக்கவில்லை.

தண்ணீர் வள்ளத்தில் தட்டுகிற சத்தம் மட்டும் இருந்தது. மாமா பலகையில் இருந்தார். வேலை ஒன்றும் இருக்கவில்லை. அண்ணைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தோம்.

உங்கள் தம்பி,
அடைக்கலநாதன்